ஐந்து பேருக்கு அனுப்பச் சொன்னேன், 32 பேருக்கு ஏன் போனது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தவறாக இருந்தால் திருத்துங்கள். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டிக்கு க்ளோஜர் என்ற நிரல் மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதுகிறீர்கள். காலையும் மாலையும் பால் அளந்த கணக்கு ஒரு சிஎஸ்வி கோப்பில் விழுகிறது: உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்). அதைப் படித்துத் தொகை போட்டு, ஒவ்வொருவருக்கும் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். முதலில் கோப்பைப் படித்தபோது ஒரே ஒரு வரி தெரிந்தது, அடுத்ததில் 'ஸ்ட்ரீம் க்ளோஸ்ட்' என்று பிழை. யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் வெக்டராக (முழுதும் நினைவகத்தில் நிற்கும் பட்டியலாக) மாற்றினீர்கள், அது சரியானது. ஆனால் அதற்குப் பிறகு சோதனைக்காக ஐந்து பேருக்கு எஸ்எம்எஸ் விட்டால் 32 பேருக்குப் போய்விட்டது. முந்தைய நாள் அதே வரி ஐந்து பேருக்குத்தான் அனுப்பியது. மூன்றாவதாக, ரெப்பிளில் (வரி எழுதி உடனே விடை பார்க்கும் திரையில்) அழகாக அச்சாவது, ஜார் கோப்பாக்கி (தனியே ஓடும் தொகுப்பாக்கி) ஓட்டினால் ஒரு எழுத்துகூட வருவதில்லை. க்ளோஜரில் பிழையா, லேசி, அதாவது கேட்கும் வரை வேலையைத் தள்ளிப்போடும் ஏற்பாடு, என்பதே நம்பத் தகாததா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. மூன்று கோளாறாகத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: நான் எழுதிய வேலை எப்போது நடக்கிறது? லேசி சீக்வென்ஸில் 'என்ன' என்பது உங்கள் கையில் இருக்கிறது, 'எப்போது' என்பது அதை வாங்கிப் படிக்கிறவர் கைக்குப் போய்விடுகிறது. உங்கள் மூன்று சிக்கலும் இந்தக் கைமாற்றத்தில் பிறந்தவை. ஃபங்ஷன் பெயர்களை நீங்கள் கேள்வியில் எழுதியதுபோலவே நானும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நிரலில் வழக்கப்படி இட்டுக்கொள்ளுங்கள்.

(மேப் பிரி வரிகள்), அதாவது 'ஒவ்வொரு வரிக்கும் பிரி ஃபங்ஷனை ஓட்டு' என்று எழுதினால் ஒரு வரிகூடப் பிரிக்கப்படாது. கிடைப்பது ஒரு சீட்டு. 'கேட்கும்போது பிரித்துத் தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்த சீட்டு. யாராவது முதல் உறுப்பைக் கேட்டால் அது அப்போது கணக்கிடப்பட்டு, உள்ளேயே சேமிக்கப்படும். இரண்டாவது தடவை கேட்டால் சேமித்ததுதான் வரும், மறுபடி கணக்கிடாது. மேப், ஃபில்ட்டர், ஃபார், ரிமூவ், கான்கேட், டேக், ட்ராப் எல்லாம் இந்தச் சீட்டு ஜாதி. ரெட்யூஸ், கவுன்ட், இன்டூ, மேப்வி, குரூப்-பை, டூசீக் ஆகியவை ரொக்கம். கூப்பிட்ட இடத்திலேயே வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பும். எது சீட்டு எது ரொக்கம் என்று மனப்பாடமாகத் தெரிந்திருப்பதே பாதி வைத்தியம்.

இப்போது உங்கள் முதல் பிழை. வித்-ஓபன் உள்ளே கோப்பைத் திறந்து, (மேப் பிரி (லைன்-சீக் கோப்பு)) என்று திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். மேப் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. வித்-ஓபன் தன் கடமைப்படி கோப்பை மூடிவிட்டது. அதன் பிறகு ரெப்பிள் சீட்டை நீட்டி விடையைக் கேட்டது. கோப்பு மூடிக் கிடக்கிறது. அப்படியானால் முதல் வரி மட்டும் எப்படி வந்தது? லைன்-சீக் முழுச் சோம்பேறி இல்லை. கூப்பிட்ட உடனே முதல் வரியைப் படித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் தள்ளிப்போடும். கோப்பு திறந்திருந்தபோதே படித்த அந்த ஒரு வரி தப்பித்துக்கொண்டது. தலைப்பு வரியைத் தள்ளுவதற்காக நடுவில் ரெஸ்ட் என்று ஒன்று போட்டிருந்தால் அந்த ஒரு வரியும் வந்திருக்காது. இன்னொன்றும் பலரைக் குழப்பும்: ஜாவாவின் பஃபர்ட்-ரீடர் ஒரே மூச்சில் 8192 எழுத்து வரை உள்ளே இழுத்து வைத்திருக்கும், உங்கள் சின்னக் கோப்பு முழுதும் அதில் அடங்கியிருக்கக்கூடும். இருந்தாலும் மூடிய பிறகு அதிலிருந்து ஒரு வரியும் கிடைக்காது, ஏனென்றால் ரீட்லைன் முதலில் 'திறந்திருக்கிறதா' என்றுதான் பார்க்கும், உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று பார்க்காது.

பிழைச் செய்தியின் முதல் பகுதியை நீங்கள் ஒட்டவில்லை. க்ளோஜர் 1.10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அங்கே 'எரர் பிரின்டிங் ரிட்டர்ன் வேல்யூ' என்று இருந்திருக்கும். அந்த நாலு சொல்லைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம். உங்கள் ஃபங்ஷன் பிழையில்லாமல் முடிந்துவிட்டது, விடையை அச்சிடப் போனபோதுதான் வெடித்தது என்று பொருள். லேசி சீக்வென்ஸ் தன் எல்லையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

திருத்தம் இரண்டு வகை. வித்-ஓபன் உள்ளேயே (டூஆல் (மேப் பிரி (லைன்-சீக் கோப்பு))) என்று முழுதையும் கணக்கிட வைப்பது ஒன்று. மேப்புக்குப் பதில் மேப்வி போட்டால் டூஆல் தேவையில்லை, நேராக வெக்டர் வரும். உங்களுக்குச் சொல்லப்பட்டது இது. மற்றது, விடையை வெளியே கொண்டு வராமல் வேலையை உள்ளே கொண்டு போவது: கோப்பு திறந்திருக்கும்போதே ரெட்யூஸ் அல்லது ட்ரான்ஸ்ட்யூஸ் வைத்துத் தொகையைக் கூட்டி, கூட்டிய எண்ணை மட்டும் வெளியே தருவது. கோப்பு நினைவகத்தில் அடங்காத அளவு என்றால் இரண்டாவதுதான் வழி. உங்கள் கோப்பு அப்படி இல்லை. 200 உறுப்பினர், நாளைக்கு இரண்டு நேரம், 365 நாள் என்றால் வருடத்துக்கு 1,46,000 வரி. ஒரு வரி பெயர்-மதிப்பு ஜோடிகளாக (அந்தத் தரவு வடிவத்துக்கும் மேப் என்றே பெயர்) மாறும்போது சில நூறு பைட் எடுக்கும். தாராளமாக 500 என்று வைத்தாலும் 73 எம்பி. க்ளோஜர் ஓடும் தளமான ஜேவிஎம் தானாக எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு வழக்கமாகக் கணினி நினைவகத்தில் கால் பங்கு. 4 ஜிபி உள்ள பழைய பெட்டியிலும் 1 ஜிபி கிடைக்கும். ஒரு வருடக் கணக்கை மேப்வி போட்டு மொத்தமாக உள்ளே வைப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

அடுத்தது எஸ்எம்எஸ். (டேக் 5 (மேப் அனுப்பு! உறுப்பினர்கள்)) என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தால் 'ஐந்து பேருக்கு அனுப்பு' என்றுதான் காதில் விழுகிறது. ஆனால் அதன் பொருள் 'அனுப்பியவற்றிலிருந்து ஐந்தை எனக்குக் கொடு'. எத்தனை அனுப்புவது என்று அந்த வரியில் எங்கும் சொல்லப்படவில்லை. உறுப்பினர்கள் வெக்டராக இருக்கும்போது மேப் ஒவ்வொன்றாக எடுக்காது; 32, 32 ஆக எடுக்கும். ஒரு டம்ளர் கேட்டாலும் ஒரு கேனையே சாய்ப்பதுபோல. க்ளோஜரின் வெக்டர் உள்ளே 32 கிளை கொண்ட மரமாக அடுக்கப்பட்டிருக்கிறது, ஒரு கணுவின் 32 உறுப்பையும் ஒரே வீச்சில் முடிப்பது வேகம் என்பதால் 1.1 பதிப்பில் இந்த ஏற்பாடு வந்தது. இதற்குச் சங்க் என்று பெயர். மேப், ஃபில்ட்டர், ஃபார் ஆகியவை தமக்கு வந்த வரிசை சங்க் உள்ளதா என்று பார்க்கும். உள்ளதென்றால் தாமும் சங்க் சங்க்காகவே வேலை செய்யும். இல்லையென்றால் ஒவ்வொன்றாக.

முந்தைய நாள் ஐந்தாக இருந்தது இதனால்தான். அன்றைக்கு உறுப்பினர் வரிசை லைன்-சீக்கிலிருந்து நேராக வந்தது, அதற்குச் சங்க் கிடையாது. மறுநாள் முதல் பிழையைத் திருத்த வெக்டராக்கினீர்கள்; அந்த வெக்டர்தான் 32 ஐக் கூட்டி வந்தது. இது என் ஊகம், நீங்கள் ஒட்டிய ஆறு வரியில் அந்த மாற்றம் தெரியவில்லை. சரிபார்ப்பது எளிது: (சங்க்ட்-சீக்? (சீக் உறுப்பினர்கள்)) என்று ரெப்பிளில் கேளுங்கள். ட்ரூ என்றால் நான் சொன்னதுதான். ஃபால்ஸ் என்றால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது, அனுப்பு! ஃபங்ஷனை முழுதாக ஒட்டுங்கள்.

இந்த 32 ஐப் பற்றி எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய க்ளோஜரில் வெக்டர் 32 ஆகச் சங்க் செய்கிறது என்பது உறுதி. முடிவுள்ள ரேஞ்சும், அதாவது எண் வரிசையும், சங்க் செய்யும். முடிவில்லாத ரேஞ்ச், அதாவது அடைப்புக்குள் எண் எதுவும் கொடுக்காதது, 1.7 முதல் இட்டரேட் (முந்தையதிலிருந்து அடுத்ததைக் கணக்கிடும் ஃபங்ஷன்) மேல் நிற்கிறது. அது ஒவ்வொன்றாகத்தான் தரும். சாதாரண லிஸ்டும் ஒவ்வொன்றாகத்தான். ஆனால் 'எப்போதும் 32' என்று மொழி உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. 'ஒவ்வொன்றாக' என்றும் கொடுக்கவில்லை. அது கொடுத்த வாக்கு, கேட்கும் வரை கணக்கிடத் தேவையில்லை என்பது மட்டும். மேப்கேட் போன்றவை சங்க் இல்லாத வரிசையிலும் ஒன்று கேட்டால் இன்னும் சிலவற்றை முன்னாலேயே எடுத்துவிடும். ஆகவே எண்ணிக்கை உங்களுக்கு முக்கியம் என்றால், அந்த எண்ணிக்கையை லேசி சீக்வென்ஸிடம் ஒப்படைக்கக் கூடாது. 32 என்ற எண்ணை நம்பி நிரல் எழுதுவதும் அதே தவறின் மறுபக்கம்.

உங்களுக்கு வேண்டியது (ரன்! அனுப்பு! (டேக் 5 உறுப்பினர்கள்)). டேக் உள்ளே போய்விட்டது, அனுப்புவது வெளியே வந்துவிட்டது. ரன்! லேசி இல்லை, ஒவ்வொருவராக, வரிசை தவறாமல், கூப்பிட்ட அந்த இடத்திலேயே அனுப்பும். டூசீக்கும் அப்படியே, எனக்கு டூசீக்தான் பிடிக்கும், நடுவில் ஒரு வரி பதிவு எழுத, ஒரு நொடி நிறுத்த இடம் கிடைக்கும். மேப்பையே வைத்துக்கொண்டு (மேப் அனுப்பு! (டேக் 5 உறுப்பினர்கள்)) என்றாலும் ஐந்துதான் போகும், டேக் சங்க்கை உடைத்துவிடும். ஆனாலும் செய்யாதீர்கள். அந்த வரியை ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு அனுப்புவது எப்போது நடக்கிறது என்று தெரியாது. இணையத்தில் அன்சங்க் என்று ஒரு சின்ன ஃபங்ஷன் சுற்றிவருகிறது, எந்த வரிசையையும் ஒவ்வொன்றாக மாற்றித் தரும். வேலை செய்யும். ஆனால் எஸ்எம்எஸ் அனுப்ப அதை எடுப்பது, ஓட்டைப் பானைக்கு அடியில் பாத்திரம் வைப்பது.

ட்ரான்ஸ்ட்யூசர் (நடுவில் வரிசை உருவாக்காமல் படிகளை ஒன்றாகக் கோர்ப்பது) வழி கேள்விப்பட்டிருப்பீர்கள்: (இன்டூ [] (காம்ப் (மேப் கணக்கு) (டேக் 5)) வரிகள்). இதில் கணக்கு சரியாக ஐந்து முறைதான் ஓடும், வரிகள் வெக்டராக இருந்தாலும். நடுவில் சங்க் என்ற பேச்சே இல்லை. ஆனால் (டேக் 5) ஐ வெளியே எடுத்துவிட்டு, (மேப் கணக்கு) என்ற ட்ரான்ஸ்ட்யூசரை மட்டும் இன்டூவுக்குப் பதில் சீக்வென்ஸ் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தால் மறுபடி லேசி வரிசை வரும், அது 32 ஆக முன்வாங்கும். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இல்லாத ட்ரான்ஸ்ட்யூசர், வாங்குகிற கையைப் பொறுத்து நடத்தை மாறுகிறது.

எஸ்எம்எஸ் விஷயத்தில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அது இன்னும் உங்களுக்கு நடக்கவில்லை என்று நம்புகிறேன். மேப் உள்ளே அனுப்பும்போது 20-வது ஆளிடம் கேட்வே (செய்தியை அனுப்பித் தரும் சேவை) பிழை கொடுத்தால் என்ன ஆகும்? 19 பேருக்குச் செய்தி போய்விட்டது. ஆனால் அந்தச் சங்க் முழுமை பெறாததால் முதல் 19 விடையும் உங்கள் நிரலுக்குக் கிடைக்காது. 'யாருக்கும் போகவில்லை' என்று நினைத்து மறுபடி ஓட்டினால் 19 பேருக்கு இரட்டைச் செய்தி. மாலையில் சொசைட்டி வாசலில் அவர்களுக்குப் பதில் சொல்வது நிரல் இல்லை, செக்ரட்டரி.

மூன்றாவது சிக்கலை நாலு வரியில் முடிக்கலாம். மெயின் ஃபங்ஷனின் கடைசி வரி (மேப் பிரின்ட்லைன் வரிகள்). ரெப்பிள் எந்த விடை வந்தாலும் அச்சிட்டுக் காட்டும், அச்சிடுவதற்காக அதைக் கணக்கிட வைக்கும், அதனால் வேலை நடந்தது. கூடவே நில் நில் நில் என்று ஒரு வால் வந்திருக்குமே, அது பிரின்ட்லைன் திருப்பிக் கொடுத்த விடைகள். ஜார் ஓடும்போது மெயின் தரும் விடையை யாரும் பார்ப்பதில்லை. சீட்டைக் கேட்க ஆளில்லை, வேலையும் நடக்கவில்லை. அங்கேயும் ரன்! அல்லது டூசீக். (டைம் (மேப் ...)) போட்டு 'ஒரு மில்லிசெகண்டுகூட ஆகவில்லை' என்று மகிழ்வதும் இதே ஏமாற்று, அளந்தது சீட்டு எழுதிய நேரம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒட்டிய வரிகளில் பைன்டிங் என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. விலையை ஒரு டைனமிக் மாறியில் (பைன்டிங் அடைப்புக்குள் மட்டும் தற்காலிக மதிப்பு பெறும் மாறியில்) வைத்து, (பைன்டிங் [*விலை* 45] (மேப் தொகை வரிகள்)) என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். எண்களை நான் பேச்சுக்குப் போடுகிறேன். கோப்பு மூடிக்கொண்டதுபோலவே இங்கே பைன்டிங் முடிந்துவிடும். தொகை கணக்கிடப்படும்போது *விலை* தன் பழைய மதிப்புக்கு, 40 என்று வையுங்கள், திரும்பியிருக்கும். கோப்பு மூடினால் பிழை வந்து கத்தும். இது கத்தாது. எல்லாருக்கும் பழைய விலையில் பணம் போடும். இன்னும் கொடுமை: பைன்டிங் உள்ளே 'ஒன்று சரியாக வருகிறதா பார்ப்போம்' என்று முதல் உறுப்பை மட்டும் அச்சிட்டுப் பார்த்தீர்கள் என்றால், வரிகள் வெக்டராக இருப்பதால் முதல் 32 வரி 45 இல் கணக்கிடப்பட்டுச் சேமிக்கப்படும், 33-வது வரியிலிருந்து 40. முதல் பக்கத்தைச் சரிபார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஒரே நாள் கணக்கில் பாதிப் பேருக்கு ஒரு விலை, மீதிப் பேருக்கு வேறு விலை என்று எங்கேயாவது கண்டால், மாறும் இடம் 32-இன் மடங்கா என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு டூஆல் போட்டால் போதுமா? பெரும்பாலும் போதும், ஆனால் டூஆல் மேல் அடுக்கை மட்டும்தான் கணக்கிட வைக்கும். உறுப்பினர்வாரியாகக் குரூப்-பை செய்து, ஒவ்வொருவருக்கும் (மேப் தொகை அவர்-வரிகள்) என்று உள்ளே இன்னொரு மேப் வைத்திருந்தால், வெளி மேப்புக்குப் போட்ட டூஆல் உள்ளே இருக்கும் சீட்டுகளை அப்படியே சீட்டாகத்தான் அடுக்கி வைக்கும். உள்ளே மேப்வி போடுங்கள். விலைக்கு நான் சொல்வது அதைவிட நேரடியானது: டைனமிக் மாறியே வேண்டாம், விலையைத் தொகை ஃபங்ஷனுக்கு ஓர் ஆர்க்யுமென்ட்டாகக் கொடுங்கள். ஃபேட், எஸ்என்எஃப் இரண்டையும் வைத்து விலை அட்டவணை பார்ப்பதால் அட்டவணையையே கொடுக்கலாம். ஆர்க்யுமென்ட்டாகப் போனது எப்போது கணக்கிட்டாலும் மாறாது. ட்ரை-கேட்ச்சும் இதே வரிசையில் நிற்கும் ஆள்: ட்ரை உள்ளே சீட்டைத் தயாரித்து வெளியே கொடுத்தால், லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு கிடந்து எண்ணாக மாறாமல் வெடிக்கும்போது உங்கள் கேட்ச் அந்த இடத்திலேயே இருக்காது.

நினைவகம், ஸ்டாக் (முடியாத ஃபங்ஷன் அழைப்புகள் அடுக்கப்படும் இடம்) பற்றி சுருக்கமாக. சராசரி ஃபேட் கணக்கிட (/ (ரெட்யூஸ் + ஃபேட்கள்) (கவுன்ட் ஃபேட்கள்)) என்று எழுதுவது இயல்பு. ரெட்யூஸ் ஓடி முடியும் வரை கவுன்ட்டுக்காக வரிசையின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தலை பிடிபட்டால் கடந்து வந்த ஒரு உறுப்பையும் குப்பை சேகரிப்பான் தொட முடியாது. முழு வரிசையும் நினைவகத்தில் உட்காரும். டெஃப் போட்டு ஒரு லேசி வரிசைக்குப் பெயர் வைத்தாலும் அப்படியே, அது நிரல் முடியும் வரை பிடி விடாது. உங்கள் அளவுக்கு இது பிரச்சினை இல்லை. கோடி வரி வந்தால், கூட்டலையும் எண்ணிக்கையையும் ஒரே ரெட்யூஸில் ஒன்றாகச் சுமந்து போக வேண்டும். ஸ்டாக் சிக்கல் உங்கள் அளவிலேயே வரும்: நாள்வாரிக் கோப்புகளை (ரெட்யூஸ் கான்கேட் கோப்புகள்) என்று சேர்த்தால் சீட்டுக்குள் சீட்டுக்குள் சீட்டாக அடுக்கப்படும், முதல் உறுப்பைக் கேட்டதும் அத்தனை அடுக்கும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். 30 கோப்புக்கு ஒன்றும் ஆகாது, சில ஆயிரம் ஆனால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று வைத்தால் வருடத்துக்கு 730 கோப்பு என்பதால் முதல் வருடம் பிழையே தெரியாமல் ஓடிவிட்டு, பழைய வருடங்களையும் சேர்க்கும் நாளில் விழும். (ரெட்யூஸ் இன்டூ [] கோப்புகள்) போடுங்கள்.

லேசி என்பதே நம்பத் தகாததா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். மற்ற மொழிகளிலும் இருக்கிறது, ஆனால் ஒரே பெயரில் மூன்று வேறு பிராணிகள் உலவுகின்றன. ஒரு முறை கணக்கிட்டுச் சேமித்துக்கொள்வது ஒன்று: க்ளோஜர், ஹாஸ்கெலின் லிஸ்ட், ஸ்காலா 2.13 இல் வந்த லேசிலிஸ்ட். ஒரே தடவை ஓடித் தீர்ந்துபோவது இன்னொன்று: பைத்தானின் ஜெனரேட்டரும் பைத்தான் 3-இன் மேப்பும், ஜாவாவின் ஸ்ட்ரீமும். பைத்தானில் இரண்டாம் தடவை சுற்றினால் சத்தமில்லாமல் காலி. ஜாவாவில் முகத்திலடித்தாற்போல் பிழை. ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து மறுபடி கணக்கிடுவது மூன்றாவது: சி ஷார்ப்பின் லிங்க், எஃப் ஷார்ப்பின் சீக். அங்கே அனுப்பும் வேலையை உள்ளே வைத்து, முதலில் எண்ணிக்கை, பிறகு பட்டியல் என்று இரண்டு தடவை கேட்டால் எஸ்எம்எஸ்ஸும் இரண்டு தடவை போகும். பைத்தான் தெரிந்தவர் சொன்ன யோசனையை க்ளோஜரில் அப்படியே பொருத்த முடியாததற்குக் காரணம் இது. மூடிய கோப்புச் சிக்கல் மட்டும் எல்லாருக்கும் பொது: பைத்தானில் வித் உள்ளே திறந்து ஜெனரேட்டரை வெளியே கொடுத்தால் 'க்ளோஸ்ட் ஃபைல்' என்று வேல்யூஎரர், ஹாஸ்கெலில் வித்ஃபைல் உள்ளே ஹெச்கெட்கன்டென்ட்ஸ் வைத்துச் சரத்தை வெளியே கொடுத்தால் அதே கதி. எலிக்ஸிர் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது: ஈனம் என்றால் உடனே, ஸ்ட்ரீம் என்றால் பிறகு என்று பெயரிலேயே பிரித்து வைத்தது. க்ளோஜரில் மேப்புக்கும் மேப்விக்கும் வித்தியாசம் ஓர் எழுத்து.

எனவே என் கருத்து: உள்ளே வந்த எண்ணிலிருந்து வெளியே போகும் எண்ணைக் கணக்கிடுவது மட்டும் என்றால் லேசி எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எப்போது ஓடினாலும் விடை ஒன்றுதான். கோப்பு, கேட்வே, டேட்டாபேஸ், கடிகாரம், டைனமிக் மாறி என்று வெளியே கை நீட்டும் எதையும் அதற்குள் வைக்காதீர்கள். சிலர் எல்லா இடத்திலும் டூஆல் தெளிப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் எந்த டூஆல் அவசியம், எது பயத்தில் போட்டது என்று பிறகு பிரிக்க முடியாது.

உங்கள் நிரலில் மாற்ற வேண்டியவை, இதே வரிசையில் செய்தால் நல்லது. வித்-ஓபன் உள்ளே மேப்வி. அங்கே கிடைக்கும் வெக்டர் மட்டும் வெளியே வரட்டும். பதிவேட்டில் பெயர்கள் சில மலையாளத்திலும் சில தமிழிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். க்ளோஜரின் ரீடர் தானாக யுடிஎஃப்-8 எடுத்துக்கொள்ளும், அதற்குத் தனியாக எதுவும் வேண்டாம். ஆனால் எக்செல்லில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கும், முதல் உறுப்பினர் எண் மட்டும் எண்ணாக மாற மறுத்தால் அதைப் பாருங்கள். அடுத்து, பைன்டிங்கை எடுத்துவிட்டு விலை அட்டவணையை ஆர்க்யுமென்ட் ஆக்குங்கள். தொகைகள் எல்லாம் மேப்வியில் கணக்கிட்டு முடிந்த பிறகு, கூட்டுத்தொகையைச் சொசைட்டியின் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். கடைசியில் டூசீக், அதன் உள்ளே ஒருவருக்கு அனுப்பியதும் அவர் உறுப்பினர் எண்ணையும் தேதியையும் காலை அல்லது மாலை என்பதையும் ஒரு தனிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து எழுதி, அடுத்தவருக்குப் போகும் முன் அந்தக் கோப்பில் அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். கேட்வே நடுவில் அறுந்து மறுபடி ஓட்டினாலும் ஏற்கெனவே வாங்கியவரைத் தாண்டிப் போகும். அனுப்பிய அந்தக் கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் இடையில் மின்சாரம் போனால் ஒருவருக்கு மட்டும் இரண்டாவது செய்தி போகலாம். அதை முழுதாகத் தடுக்க கேட்வேயே செய்தி எண்ணை வைத்து இரட்டையைத் தள்ள வேண்டும், உங்கள் பக்கம் இருந்து முடியாது.